தேயிலை நாற்றுப் போட்ட கைக்கு ரோஜாக் குச்சியும் வசப்படும்

நீலகிரியில் கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயிக்கும் நாற்றுப் போடத் தெரியும். ஓர் இலை, அதன் கணுவில் ஒரு மொட்டு, கீழே ஒன்றரை அங்குலத் தண்டு. இதைப் பையில் ஊன்றி, நிழல் கட்டி, ஈரம் காத்து, ஒரு வருடத்தில் செடியாக்கி விடுவார்கள். ஆனால் அதே விவசாயியின் வீட்டு வாசலில் நிற்கும் ரோஜாச் செடி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதாகவே இருக்கும். ஏன் என்று கேட்டால், "குச்சி வைத்துப் பார்த்தோம், துளிர் வந்தது, பிறகு கருகி விட்டது" என்பார்கள்.

துளிர் வந்து கருகுவது குச்சியின் குற்றம் அல்ல. தேயிலைக்குச் செய்ததையே ரோஜாவுக்கும் செய்வதால் வரும் கோளாறு. தண்டின் பக்குவம், மண், பொறுமை ஆகிய மூன்றிலும் ரோஜா வேறு வழியில் போகிறது. அதைத் தெரிந்துகொண்டால் தேயிலை நாற்றங்காலில் பழகிய கைக்கு இது பெரிய வித்தை அல்ல.

இதில் வருமானமும் இருக்கிறது. பசுந்தேயிலை விலை 1990-களின் இறுதியில் சரிந்தது முதல் நம் சிறு விவசாயிகள் இரண்டாவது வருமானம் ஒன்றைத் தேடிக் கொண்டுதான் இருக்கிறார்கள். பசுமைக்குடில் கட்டி கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம் போட்டவர்கள் உண்டு. அதற்கு முதலீடு பெரிது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் விலை இறங்கிய காலத்தில் பட்ட பாடு ஊரறிந்தது. நீண்ட காம்புள்ள கொய்மலர் ரோஜாவில் ஓசூர் பக்கத்துப் பெரிய பண்ணைகளோடு நாம் போட்டி போடுவதும் வீண். இங்கே சொல்வது அதுவல்ல. வீட்டுக்கு அருகே 2 சென்ட் இடம், கைவசம் உள்ள நாற்றங்கால் பழக்கம், மே மாதத்தில் மலை ஏறி வரும் கூட்டம், இவற்றை வைத்துப் பூத்த ரோஜாச் செடியைப் பையோடு விற்பது. தேயிலையை விட்டுவிடச் சொல்லும் வருமானம் அல்ல இது. ஆனால் கடன் இல்லாமல் தொடங்கலாம்.

எந்த ரோஜா?

உதகையில் விஜயநகரம் சரிவில் உள்ள அரசு ரோஜா பூங்காவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995-ஆம் ஆண்டு தோட்டக்கலைத் துறை அமைத்த பூங்கா அது. பரப்பு 4 ஹெக்டேர். தொடங்கும் போதே 1,919 ரகங்கள் இருந்தன. 2006-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒசாகா நகரில் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதற்குத் தெற்காசியாவின் சிறந்த பூங்கா என்ற விருதை வழங்கியது. நம் மலையின் குளிரும் வெயிலும் ரோஜாவுக்கு ஏற்றவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் அங்கே கண்ணைப் பறிக்கும் பெரிய பூ ரகங்களைப் பார்த்துவிட்டு, அதே மாதிரிக் குச்சிதான் வேண்டும் என்று அலைய வேண்டாம். 'ஹைபிரிட் டீ' எனப்படும் அந்த இனத்தில் பல ரகங்கள் குச்சியில் சரியாக வேர் விடுவதில்லை. மஞ்சள் ரகங்கள் அதிலும் மோசம். வேர் விட்டாலும் சொந்த வேரில் வலுவில்லாமல் நிற்கும். ஆகவேதான் நர்சரிகளில் அவற்றை வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் கண் ஒட்டு வைத்து வளர்க்கிறார்கள்.

குச்சிக்கு ஏற்றவை வேறு. பன்னீர் ரோஜா என்று நாம் சொல்லும் எட்வர்டு ரோஜா, கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா, பட்டன் ரோஜா, வேலியில் படரும் கொடி ரோஜா ஆகியவை எளிதில் பிடித்துக் கொள்ளும். பழைய எஸ்டேட் பங்களாக்களின் வாசலில், பெயர் தெரியாமல் வருடக் கணக்கில் உரமின்றிப் பூத்து நிற்கும் செடிகள் இருக்கின்றனவே, அவற்றையும் விடாதீர்கள். கவனிப்பாரின்றி அத்தனை காலம் தாங்கியதே அவற்றின் தகுதி. உரியவரைக் கேட்டு, கவாத்துக் காலத்தில் நாலு குச்சி வாங்கிக் கொள்ளலாம்.

எட்வர்டு ரோஜாவின் கதை சுவையானது. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக சீனத்து ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் கலந்து நட்டிருந்தார்கள். இரண்டும் தாமாகவே கலந்து பிறந்ததுதான் இந்த இனம். தோட்டக்காரன் ஒட்டுப் போடாமல், வேலியோரத்தில் பிறந்த செடி. அது குச்சியில் எளிதாக வருவதில் வியப்பில்லை.

நம் மலைக்கும் சொந்தமாக ஒரு காட்டு ரோஜா உண்டு. சோலை ஓரங்களில் ஐந்து இதழோடு வெள்ளையாகப் பூத்து மரத்தின் மேல் ஏறும். நீலகிரியிலும் பழனி மலையிலும் காணலாம். லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். காப்புக் காட்டில் கத்தி வைப்பது குற்றம்.

ஒட்டுச் செடியிலிருந்து குச்சி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே, மண்ணை ஒட்டிக் கிளம்பும் கிளை வேர்ச்செடியுடையது. கொழுகொழுவென்று வளரும். இலை சிறுத்து வேறு மாதிரி இருக்கும். அதை ஆசையாக வெட்டி நட்டால் மேலே பார்த்த பூ வராது. குச்சி நட்டு வளர்ந்த செடியில் இந்தத் தொல்லையே இல்லை. அடியில் எங்கிருந்து துளிர்த்தாலும் அதே ரோஜாதான். உறைபனியில் மேல்பாகம் முழுவதும் கருகினாலும் மண்ணுக்குள்ளிருந்து அதே ரகம் மீண்டும் எழும். பனி விழும் ஊரில் இது சின்ன லாபம் அல்ல.

தண்டின் பக்குவம்

தேயிலைக்கு ஓர் இலைத் துண்டு போதும். ரோஜாவுக்கு அது போதாது. பென்சில் கனமுள்ள, 6 முதல் 8 அங்குல நீளமுள்ள, 4 கணுக்களாவது கொண்ட குச்சி வேண்டும். வேர் விடும் வரை அது தன் உடம்பில் உள்ள சேமிப்பைத் தின்றுதான் உயிர் வாழ்கிறது. சேமிப்பு குறைந்தால் பாதி வழியில் சாகும்.

இளந்தண்டு அழுகும், முற்றிய பழுப்புக் கட்டை சுலபத்தில் வேர் விடாது. நடுப்பக்குவத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டை விரலால் முள்ளைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 'டக்' என்று சுத்தமாகப் பெயர்ந்து வந்தால் குச்சி தயார். தோலோடு கிழிந்து வந்தால் இன்னும் இளசு. பூத்து இதழ் உதிர்ந்த கிளையின் நடுப்பகுதியில் இந்தப் பக்குவம் பெரும்பாலும் கிடைக்கும். பூவும் மொட்டும் இருந்தால் நறுக்கி விட வேண்டும்.

அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக இருக்கட்டும். மேல்வெட்டை மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாகக் கொடுங்கள். இதனால் மழைநீர் நிற்காது, குச்சியைத் தலைகீழாக ஊன்றும் தவறும் நேராது. சிரிக்காதீர்கள், கட்டுக் கட்டாக வெட்டும் நாளில் இது நடப்பதுதான். மேலே ஓர் இலைக்காம்பை மட்டும் வைத்து, அதிலும் இரண்டு மூன்று சிற்றிலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். தேயிலை கவாத்துக்குப் போய்வந்த கத்தியைக் கழுவித் தீட்டாமல் ரோஜாவில் வைக்கக் கூடாது. வெட்டிய குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

வேர்த்தூண்டிப் பவுடர் கிடைத்தால் அடியில் அரை அங்குலம் தொட்டு, மிகுந்ததைத் தட்டி விட்டு ஊன்றலாம். எட்வர்டு ரோஜாவுக்கும் கொடி ரோஜாவுக்கும் அது இல்லாமலே வரும்.

என் பைகளில் நடந்தது

மண்தான் பெரிய வேறுபாடு. இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் தேயிலை நாற்றுக்கு நிரப்பிய பைகளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மண் வீணாக வேண்டாமே என்று அவற்றில் ரோஜாக் குச்சிகளை ஊன்றினேன். குச்சிகள் பச்சையாகவே இருந்தன. அடியில் வெள்ளையாகத் திரட்சியும் கட்டியது. வேர் மட்டும் நீளவில்லை. கிளறிப் பார்த்தபோது குட்டையாகக் கறுத்த முளைகளாக நின்றிருந்தன.

காரணம் பிறகுதான் விளங்கியது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். கார அமில நிலை 5-க்கு அருகில் இருக்கும்படி பார்த்துக் கொள்கிறோம், புளிப்புப் போதாவிட்டால் அலுமினியம் சல்பேட் கூடக் கலக்கிறோம். ரோஜா விரும்புவது 6 முதல் 6.5 வரை. தேயிலைக்கு நலம் செய்யும் அதே அலுமினியம் ரோஜாவின் வேர் நுனியைக் கருக்கி விடுகிறது. ஆகவே தேயிலை நாற்றங்கால் மண்ணையும் தேயிலைத் தோட்டத்து மேல்மண்ணையும் ரோஜாவுக்குத் தொடாதீர்கள்.

குச்சிக்குச் சத்துள்ள மண் தேவையில்லை. நீர் தேங்காத மண்தான் தேவை. ஆற்று மணல் 2 பங்கு, சலித்த அடிமண் 1 பங்கு போதும். சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வரும் மணலின் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், பையின் மேல் பாதியில் மட்டும் மணல் கலவையும் கீழ்ப் பாதியில் மக்கிய உரம் கலந்த மண்ணும் நிரப்பலாம். குச்சி மணலில் வேர் விட்டு, பிறகு கீழே உணவைத் தேடி இறங்கும். சோலை மண்ணைத் தோண்டி வரும் பழைய வழக்கத்தை விட்டு விடுங்கள். சட்டமும் அனுமதிக்காது, ஊற்றும் வற்றிப் போகும்.

குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். சுற்றிலும் விரலால் அழுத்தி விடுங்கள், அடியில் காற்றுப் பை இருந்தால் அங்கே வேர் வராது. பிறகு நிழல். நிழல் வலை இல்லாதவர்கள் நம் முன்னோர் தேயிலைக் கன்றுக்குச் செய்தது போலப் பெரணி ஓலையைச் செருகலாம். தினம் காலையில் பூவாளியால் லேசாகத் தெளித்தால் போதும். மூடுபனி நாட்களில் அதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் வறட்சியைவிட ஈரம் கொன்ற குச்சிகளே அதிகம்.

பொய்த் துளிர்

இப்போது அந்தக் கருகல் விஷயத்துக்கு வருவோம். குச்சி ஊன்றிய இரண்டு மூன்று வாரத்தில் சிவந்த துளிர் எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வேர் வந்துவிட்டது என்று நினைத்து நிழலை எடுப்பார்கள், அல்லது பிடுங்கித் தரையில் நடுவார்கள், சிலர் ஒரு சிட்டிகை யூரியா கூடப் போடுவார்கள். ஒரு வாரத்தில் கருகல்.

அந்தத் துளிர் வேரினால் வந்ததல்ல. தண்டின் சேமிப்பில் வந்தது. அந்த நேரம் மண்ணுக்குள் அடிவெட்டில் வெள்ளைத் திரட்சி மட்டுமே உருவாகிக் கொண்டிருக்கும். உண்மையான வேர் ஓட 6 முதல் 8 வாரம் ஆகும். உதகையின் குளிரில் இன்னும் தாமதமாகும். அதுவரை இழுத்துப் பார்ப்பதும் கிளறிப் பார்ப்பதும் கூடாது. முதல் துளிர் வாடாமல் நின்று, அதற்குப் பின் இரண்டாவது துளிர் கிளம்பினால் வேர் ஓடிவிட்டது என்று கொள்ளலாம். பையின் ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்தால் சந்தேகமே இல்லை. அதன் பிறகும் நிழலை ஒரே நாளில் எடுக்காமல் 15 நாளில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இடையில் மொட்டு வந்தால் கிள்ளி எறியுங்கள். மனசு வராதுதான். ஆனால் அந்த ஒரு பூவுக்காகச் செடியை இழக்க வேண்டாம்.

நூறு வைத்தால் நூறும் தேறும் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் வருடம் பாதிக்கு மேல் தேறினாலே கை பழகி விட்டது என்று அர்த்தம்.

குச்சி வைக்கும் காலம் ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்தின் அடைமழையில் குச்சி அழுகும், மழை தணிந்த பிறகு வைப்பதே நலம். குன்னூர், கோத்தகிரியில் பெருமழை அக்டோபர், நவம்பரில் வருவதால் ஜூன், ஜூலை தோதான காலம். உதகைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி நீங்கிய பிப்ரவரி இறுதி, மார்ச் மாதத்திலும் வைக்கலாம். கவாத்தை ஜனவரியில் செய்தாலும், குச்சிக்கென்று நாலு கிளைகளை வெட்டாமல் அதுவரை விட்டு வைக்க வேண்டும்.

தரையில் நடும்போது

தாய்ச்செடிக்கென்று பத்துப் பதினைந்து செடிகளையாவது தரையில் நட்டுக் கொள்ள வேண்டும். பின்னால் குச்சிக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இடம் தேர்வதில்தான் நம் மலையில் தவறு நடக்கிறது. தண்ணீர் அருகே இருக்கிறது என்று ஓடையோரப் பள்ளத்தில் நடுகிறார்கள். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் பள்ளத்து வயலில் விடியற்காலையில் வெள்ளை விரிந்திருக்க, அதற்கு மேலே நடுச்சரிவில் புல் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோஜாவின் இடம் அந்த நடுச்சரிவு. கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று வழிந்தோட ஓரிடத்தில் இடைவெளி விடுங்கள்.

கிழக்கு பார்த்த மட்டம் நல்லது. காலை வெயில் இலையில் உள்ள பனி ஈரத்தைச் சீக்கிரம் உலர்த்தும். இலை ஈரமாகவே நிற்கும் இடத்தில் கரும்புள்ளி நோய் விடாது. நாளில் 6 மணி நேர வெயிலாவது வேண்டும் என்பதால் சில்வர் ஓக் நிழலில் நட வேண்டாம்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஒரு மாதம் ஆற விடுங்கள். நம் புளிப்பு மண்ணைச் சரிசெய்ய டோலமைட் கலக்க வேண்டும். அளவை மண் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வதே முறை. உதகை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆலோசனை பெறலாம். பரிசோதிக்காதவர்கள் குழிக்குக் கால் கிலோவைத் தாண்ட வேண்டாம். மக்கிய தொழு உரம் 10 கிலோ மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, மழை தொடங்கும்போது நட வேண்டும். சாணம் மக்காமல் இருந்தால் வேரைச் சுடும், வேர்ப்புழுவும் சேரும். வரிசைக்கு வரிசை 6 அடி, செடிக்குச் செடி 3 அடி. பையில் இருந்த மண் கட்டி உடையாமல் இறக்கி, முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள்.

காட்டெருமை வந்து போகும் ஊர்களில் இந்த இடைவெளியெல்லாம் அதற்குத் தெரியாது. வீட்டுச் சுவரை ஒட்டிய மட்டமே பத்திரம்.

நோய் என்று பார்த்தால் இங்கே இரண்டு. இலையில் மாவு தூவியது போல் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம், வெயில் ஏறும் முன் தெளிக்க வேண்டும். கரும்புள்ளிக்கு, விழுந்த இலைகளைக் கூட்டி எரிப்பதே பாதி மருந்து. மீதிக்கு ஒரு சதவீத போர்டோ கலவை போதும்.

மே மாதத்துக்குச் செடி

விற்பனைக்கான கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். மலர்க்காட்சியும் ரோஜாக் காட்சியும் நடக்கும் மே மாதத்தில் செடி பூவோடு நிற்க வேண்டும், பூ இல்லாத பையை யாரும் வாங்குவதில்லை. அரசு ரோஜா பூங்காவிலேயே ஜனவரியை ஒட்டிக் கவாத்து செய்துதான் கோடை சீசனுக்குப் பூக்க வைக்கிறார்கள். நமக்கும் அதே கணக்கு. ஜூன், ஜூலையில் வைத்த குச்சியை அக்டோபரில் பெரிய பைக்கு மாற்றி, குளிர்காலத்தில் காத்து, ஜனவரி கடைசியில் லேசாக நுனி வெட்டி, ஏப்ரல் முழுவதும் வெயிலில் வைத்தால் மே மாதம் மொட்டுக் கட்டும். உதகையில் செய்வோர் ஒரு வாரம் முன்னதாக வெட்டட்டும், குன்னூரில் செடி இன்னும் சீக்கிரம் பூக்கும்.

வாங்குபவர் பெரும்பாலும் கோவை, ஈரோடு, சென்னைக்காரராக இருப்பார். குளிரில் வளர்ந்த செடி மே மாத வெயிலில் நேராக இறங்கினால் இலை உதிர்க்கும். "பதினைந்து நாள் நிழலில் வையுங்கள், பூவை வெட்டி விடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவர் அடுத்த வருடமும் வருவார். குச்சிச் செடியை ஒட்டுச் செடி என்று சொல்லி விற்காதீர்கள். பெயர் தெரியாத ரகத்துக்கு இல்லாத பெயரைச் சூட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக் கட்டுப்பாடு நம் மாவட்டத்தில் கடுமையாக இருப்பதால், செடியைச் சுமந்து போக உறை கொடுக்காமல் பழைய செய்தித்தாளில் அடிப்பையைச் சுற்றிச் சணலால் கட்டிக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்து, டிசம்பரில் ஒரே இரவில் எல்லாவற்றையும் பனிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. நவம்பர் கடைசியிலேயே பைகளை வீட்டுச் சுவரோரம் நெருக்கி அடுக்கி விடுங்கள். உதகை தாவரவியல் பூங்காவில் செடிகளைக் கோத்தகிரி மிலாரால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மிலாரை ஓர் அடி உயரக் கவைக்குச்சிகளின் மேல், இலையைத் தொடாதபடி பரப்ப வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தவறி ஒரு நாள் இலையில் உறைபனி படிந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்பே பூவாளியால் தெளித்துக் கழுவி விடுங்கள். கருகிய நுனிகளை அப்போதே வெட்டாமல் பிப்ரவரி வரை விட்டு வையுங்கள். அந்தக் கருகல்தான் கீழே உள்ள மொட்டுக்கு மூடாக்கு.